இரண்டு மேரிகள்

1956-இல் ஃபெண்டர் நிறுவனத்துக்காக எடுக்கப்பட்ட ஒரு விளம்பரப் படம் இருக்கிறது. இரண்டு ஆண்கள், ஒரு பெண். மூன்று பேரும் ஒரே இசைக்குழு. கிட்டார் பெண்ணின் கையில் இருக்கிறது. அடியிலுள்ள ஆஷ் மரத்தின் ரேகைகள் தெரியும்படி மெல்லிசாகப் பூசிய பாலாடை நிற உடல். மேப்பிள் கழுத்து. முறுக்காணி, பிரிட்ஜ், திருகு என்று உலோகமாக உள்ளதெல்லாம் தங்கமுலாம். ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் சந்தைக்கு வந்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அப்போது கடைகளில் தொங்கியவை பெரும்பாலும் ஓரம் கறுத்து நடுவில் மஞ்சளாகச் சாயமிட்ட 'சன்பர்ஸ்ட்' வகை. படத்தில் இருப்பது கல்யாணப் பெண் மாதிரி அலங்கரித்த ஒன்று.

அந்தப் பெண் மேரி கே. பாலாடை நிறமும் தங்கமுலாமும் சேர்ந்த 1950-களின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் எதுவானாலும் இன்றுவரை சேகரிப்பாளர்கள் அதை 'மேரி கே ஸ்ட்ராட்' என்றே சொல்கிறார்கள். நிறுவனம் அன்று வைத்த பெயரல்ல, படத்தைப் பார்த்தவர்கள் வைத்த பெயர். விண்டேஜ் கிட்டார் உலகில் இதற்குத் தனி மதிப்பு. ஒன்று கைமாறினால் ஒரு வீட்டின் விலை பேசுவார்கள்.

மேரி கேயிடம் அந்தக் கிட்டார் இருந்ததில்லை. படம் எடுப்பதற்கும், அதே ஆண்டு வெளிவந்த 'சா-சா-சா பூம்!' என்ற திரைப்படத்தில் வாசிப்பதற்கும் கொடுத்தார்கள். வேலை முடிந்ததும் திரும்பிப் போய்விட்டது. அவர் மேடையில் வழக்கமாக வாசித்தது நியூயார்க்கில் ஜான் டி'ஆஞ்சலிகோ என்ற கைவினைஞர் செதுக்கிய கிட்டார்கள். ஒரு பொருளுக்குத் தன் பெயரைக் கொடுத்துவிட்டு, பொருள் இல்லாமல் ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்த பெண் அவர். சொத்தும் பெண்ணும் பற்றி நாம் எழுதிக் குவித்த கட்டுரைகளுக்கு நடுவே இந்தக் கதைக்கும் ஓரிடம் உண்டு என்று எனக்குத் தோன்றியது. தேடத் தொடங்கியபோது அவரை மட்டும் தேடினேன். போன இடத்தில் இன்னொரு மேரி இருந்தார். அவரைப் பற்றிப் பிறகு.

மேரி கேயின் இயற்பெயர் மாலியா காயிஹூவே. 1924-இல் டெட்ராய்ட்டில் பிறந்தார். அப்பா ஜானி ஹவாய்க்காரர், உக்குலேலே வாசிப்பவர், அதனாலேயே 'ஜானி உக்குலேலே' என்று அழைக்கப்பட்டவர். ஹவாய் அரச வம்சத்தோடு உறவுள்ள குடும்பம் என்று அறியப்பட்டது. வம்சம் இருந்தது, அரசு இல்லை. ஹவாயின் கடைசி அரசி லிலியுஓகலானியை 1893-இல் அமெரிக்கத் தோட்ட முதலாளிகளும் வணிகர்களும் அமெரிக்கக் கடற்படையினரின் துணையோடு பதவியிறக்கினார்கள். 1895-இல் சொந்த அரண்மனையிலேயே சிறை வைத்தார்கள். 1898-இல் தீவுகளை அமெரிக்கா தன்னோடு சேர்த்துக்கொண்டது. அந்த அரசி தேர்ந்த பாடலாசிரியர், இசையமைப்பாளர். நாட்டைப் பிடுங்கிய அமெரிக்கா அடுத்த இருபது ஆண்டுகளில் அந்த நாட்டின் இசை மேல் பைத்தியமானது. 1915-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த பெரிய கண்காட்சியில் ஹவாய் அரங்கின் இசையைக் கேட்க மக்கள் முண்டியடித்தார்கள். மாலியாவும் அண்ணன் நார்மனும் சிறுவயதிலேயே அப்பாவோடு மேடையேறியது இந்த மோகத்தின் நீட்சியில்தான்.

முதலில் அவர்களது குழு 'மேரி காயிஹூவே ட்ரியோ' என்றுதான் இருந்தது. பிறகு காயிஹூவே, கே ஆனது. அமெரிக்க நாக்குக்கும் விளம்பரப் பலகையின் அகலத்துக்கும் ஏற்றபடி நறுக்கிய பெயர். மாலியா ஏற்கெனவே மேரி ஆகியிருந்தார். அந்தக் கிட்டாருக்குச் சூட்டிய பெயரும் பாதிப் பெயர்தான்.

மின்கிட்டாரின் வரலாற்றை எழுதுகிற ஆண்கள் ஹவாயை ஒரு பத்தியில் கடந்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மடியில் கிட்டாரைக் கிடத்தி, தந்திகளின் மேல் உலோகத்தண்டை வழுக்கி வாசிக்கும் முறை ஜோசஃப் கெக்குக்கு என்ற ஹவாய் இளைஞனோடு 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரவியது. நம் கோட்டுவாத்தியத்தைக் கேட்டவர்களுக்கு அந்த வழுக்கலின் சுகம் தெரியும். ஆனால் கூட்டமான அரங்கில், ஊதுகருவிகளுக்கு நடுவில், மடியில் கிடக்கும் கிட்டார் யாருக்கும் கேட்காது. அதைக் கேட்கவைக்கும் முயற்சியில்தான் 1931-இல் ஜார்ஜ் போஷாம் மின்காந்தப் பிக்கப்பை உருவாக்கினார். அதைப் பொருத்தி மறு ஆண்டு விற்பனைக்கு வந்த முதல் மின்கிட்டார், வாணலி போல இருந்ததால் 'ஃப்ரையிங் பேன்' என்று பெயர் பெற்ற ரிக்கன்பேக்கரின் ஹவாய் கிட்டார். சமையலறைப் பாத்திரத்தின் பெயரோடு தொடங்கிய கருவி. பிக்கப்பின் காயிலைச் சுற்ற போஷாம் முதலில் பயன்படுத்தியது துணி துவைக்கும் இயந்திரத்திலிருந்து கழற்றிய மோட்டார் என்றும், பிறகு தையல் மிஷின் மோட்டாருக்கு மாறினார்கள் என்றும் அவரது கூட்டாளி பதிவு செய்திருக்கிறார். வீட்டில் துணி துவைத்தவர், துணி தைத்தவர் யார் என்பது பதிவில் இல்லை.

ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கும் ஹவாய்க்கும் நேரடித் தொடர்பு இன்னொன்று. அதன் வடிவத்தை வரைபலகையில் வரைந்த ஃப்ரெடி டவாரெஸ், ஹவாயின் மாவி தீவில் பிறந்த ஸ்டீல் கிட்டார் கலைஞர். 1953-இல் ஃபெண்டரில் சேர்ந்தார். முதலாளி லியோ ஃபெண்டருக்கோ கிட்டார் வாசிக்கத் தெரியாது. கணக்குப் பிள்ளை வேலை பார்த்து, ரேடியோ ரிப்பேர் கடை வைத்து, அங்கிருந்து இதற்கு வந்தவர். வாசிப்பவர்களிடம் கேட்டுக் கேட்டுச் செய்தார். முந்தைய மாடலான டெலிகாஸ்டரின் பலகை விளிம்பு விலா எலும்பில் இடிக்கிறது என்று இசைக்கலைஞர்கள் புகார் சொன்னார்கள். அதற்காக ஸ்ட்ராட்டோகாஸ்டரின் பின்புறத்தையும் முன்கை அமரும் ஓரத்தையும் வளைவாகச் சீவினார்கள். உடலோடு ஒட்டி உட்காரும் கிட்டார் என்பது அன்று பெரிய விஷயம். எந்த உடல் என்று கேட்கலாம். புகார் சொன்னவர்கள் ஆண்கள், விலா அவர்களுடையது. மின்கிட்டார் தொழில் அதற்குப் பிறகு அறுபது ஆண்டு நடந்த பின்பே, 2016-இல், 'செயின்ட் வின்சென்ட்' என்ற பெயரில் பாடும் ஆனி கிளார்க் தன் பெயரிலான கிட்டாரை வடிவமைத்தபோது, முலைகளுக்கு இடம் வேண்டும் என்பதை ஒரு வடிவமைப்புத் தேவையாக வெளிப்படையாகச் சொன்னார். செய்தியைப் படித்துச் சிரித்தவர்கள் உண்டு. விலாவுக்குச் சீவியபோது யாரும் சிரிக்கவில்லை.

மேரி கேயின் குழு 1950-களின் தொடக்கத்தில் லாஸ் வேகஸில் ஒரு புது வழக்கத்தைத் தொடங்கிவைத்தது. லாஸ்ட் ஃபிரான்டியர் ஹோட்டலின் பெரிய அரங்கில் இடமில்லாதபோது, மதுக்கூடத்தை ஒட்டிய சிறு மேடையில் நள்ளிரவுக்குப் பின் தொடங்கி விடியும்வரை வாசித்தார்கள். அண்ணன் நார்மன் பாட, ஃபிராங்க் ராஸ் அக்கார்டியனோடு பகடி செய்ய, மேரி பாடினார், கிட்டார் வாசித்தார். மற்ற அரங்குகளில் வேலை முடித்த நட்சத்திரங்கள் அங்கே வந்து உட்கார்ந்தார்கள். சூதாட வந்தவர்களும் எழுந்து போகவில்லை. ஹோட்டல்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்? 'லவுஞ்ச்' நிகழ்ச்சி என்று பிறகு வேகஸ் முழுக்கப் பரவியது இதுதான். ஃபெண்டர் அவர் கையில் கிட்டாரைக் கொடுத்தது சும்மா அல்ல.

மின்கிட்டார் ஆண்பிள்ளை விஷயம் என்பது பிற்பாடு கட்டிய கதை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1940-களிலேயே மெம்ஃபிஸ் மின்னி மின்கிட்டாரில் ப்ளூஸ் வாசித்தார். மேரி ஆஸ்போர்ன் ஜாஸ் வாசித்தார். தேவாலயப் பாடலையும் கிட்டார் முழக்கத்தையும் கலந்த சிஸ்டர் ரோசெட்டா தார்ப், 1964-இல் மான்செஸ்டரின் கைவிடப்பட்ட ரயில் நிலைய நடைமேடையில், மழை ஈரத்தில், மேலங்கியோடு வெள்ளைக் கிப்சனை வாசித்த காட்சி இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. அவர் 1973-இல் இறந்தார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் கல்லறைக்குப் பெயர்க்கல் இல்லை. ராக் இசையின் புகழ்மண்டபம் 2018-இல்தான் அவரைச் சேர்த்துக்கொண்டது.

இனி அந்த இன்னொரு மேரி.

1950-களின் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் முன்புறம் ஒற்றை அடுக்குப் பிளாஸ்டிக் தகடு ஒன்று உண்டு. எட்டுத் திருகுகள். தந்திகளைத் தளர்த்தி, திருகுகளைக் கழற்றி, தகட்டைத் தூக்கினால் பிக்கப்புகளும் கம்பிகளும் அதோடு வரும். கீழே மரத்தில் குடைந்த குழி. அந்தக் குழிக்குள், அக்காலக் கிட்டார்கள் பலவற்றில், ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டியிருக்கும். அதில் பென்சிலிலோ பேனாவிலோ ஒரு பெண் பெயரும் தேதியும். மேரி. குளோரியா. வர்ஜினியா. கரோலின். லூயிஸ். கிட்டாரின் மின்னிணைப்புகளைப் பற்றவைத்து முடித்த தொழிலாளிகள் தங்கள் பெயரை எழுதி ஒட்டிய துண்டுகள் அவை.

இதே கிட்டாரின் கழுத்தைக் கழற்றினால் அடிப்பாகத்தில் 'டி.ஜி.' என்ற முதலெழுத்துகளும் தேதியும் இருக்கலாம். கழுத்தை இழைத்து வடிவம் கொடுத்த தடேயோ கோமெஸ். சேகரிப்பாளர்கள் அவரது முழுப்பெயரைக் கண்டுபிடித்து, 'டி.ஜி. கழுத்து' என்று தனியாகப் போற்றுகிறார்கள். அவரும் தொழிலாளிதான், மெக்சிக்க வம்சாவளிதான், அவரைக் கொண்டாடுவதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இரண்டு எழுத்துகளிலிருந்து ஒரு முழு மனிதர் கிடைக்கிறார். முழுசாக எழுதிய 'குளோரியா' வெகுகாலம் வெறும் குளோரியாவாகவே கிடந்தார். ஆண் செய்தது கைவினை, பெண் செய்தது அசெம்பிளி. சொல்லிலேயே வேலை முடிந்துவிடுகிறது.

ஃபெண்டர் தொழிற்சாலை இருந்தது கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில், ஃபுல்லர்ட்டன் ஊரில். பெயருக்கேற்ப ஆரஞ்சுத் தோட்டங்கள் நிறைந்த பகுதி. லியோ ஃபெண்டரே தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. பழங்களைத் தரம் பிரித்துக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் அடுக்கும் கூடங்களில் மெக்சிக்கப் பெண்கள் ஏராளமாக வேலை செய்தார்கள். போருக்குப் பின் தோட்டங்கள் வீட்டுமனைகளாகவும் தொழிற்சாலைகளாகவும் மாறின. பழம் சுற்றிய தலைமுறைக்கு அடுத்த தலைமுறை கம்பி சுற்றியது. அப்படிச் சுற்றியவர்களில் ஒருவர் அபிகேல் இபார்ரா. 1956-இல், அதாவது மேரி கேயின் படம் வந்த அதே ஆண்டில், ஃபெண்டரில் சேர்ந்தார்.

பிக்கப் என்பது என்ன என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கேதான் விஷயமே இருக்கிறது. ஸ்ட்ராட்டோகாஸ்டர் பிக்கப்பில் ஆறு சிறு காந்தத் துண்டுகள், தந்திக்கு ஒன்றாக. அவற்றைச் சுற்றி, தலைமுடியோடு போட்டிபோடும் மெல்லிய காப்பிட்ட செம்புக் கம்பி. அமெரிக்கக் கணக்கில் 42 கேஜ், ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்கு. அதை எட்டாயிரம் சுற்று வரை சுற்ற வேண்டும். காந்தப் புலத்துக்குள் எஃகுத் தந்தி அதிர்ந்தால் புலம் அசையும், புலம் அசைந்தால் காயிலில் மின்னழுத்தம் பிறக்கும். அது ஆம்ப்ளிஃபையருக்குப் போய்ச் சத்தமாகும். பள்ளியில் படித்த ஃபாரடேதான். மர உடல், தங்கமுலாம், நிறம் எல்லாம் இருக்கட்டும். மின்கிட்டாரின் குரல் பிறக்கும் இடம் அந்தக் காயில்.

ஃபெண்டரில் அந்த நாளில் சுருளைச் சுழற்ற மோட்டார் இருந்தது. கம்பியை இடமும் வலமும் வழிநடத்தியது கை. விரலுக்கு நடுவே ஓடும் கம்பியை எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது என்பதைத் தீர்மானித்தது சுற்றியவரின் விரல். கூடுதலாக இறுக்கினால் கம்பி அறுந்துபோகும், தளர்த்தினால் காயில் தொளதொளத்து ஒலி கெடும். இயந்திரம் சுற்றும்போது நூல்கண்டு மாதிரி வரிசை வரிசையாக விழும். கை வழிநடத்தும்போது வரிசை சற்றுக் கலைந்து, அடுக்குகளுக்கு நடுவே நுண்ணிய இடைவெளிகள் விழும். அதனால் சுற்றுகளுக்கு இடையிலான மின்தேக்கம் குறைந்து, உச்ச ஒலிகள் தெளிவாக வெளிப்படும் என்பார்கள். விண்டேஜ் ரசிகர்கள் 'ஸ்கேட்டர் வவுண்ட்' என்று கண்களை மூடிச் சொல்லும் மந்திரம் இதுதான். இன்று கணினியால் இயங்கும் சுற்றும் இயந்திரங்களுக்கு அந்தக் கலைவைச் சொல்லிக்கொடுக்க முயல்கிறார்கள்.

நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் படித்தவள். வைண்டிங் லேபில் எங்கள் வகுப்பின் ஆறு பெண்களையும் காயில் சுற்ற உட்காரவைத்துவிட்டு, மோட்டாரை ஓடவிட்டு மீட்டர் பார்க்கும் வேலையைப் பையன்களிடம் கொடுத்தார் ஆசிரியர். "உங்களுக்குத்தாம்மா பொறுமை ஜாஸ்தி" என்றார். பாராட்டுத்தான். ரெக்கார்டு நோட்டில் மதிப்பெண் ரீடிங்குக்கு உண்டு, சுற்றியதற்கு இல்லை. நாங்கள் பழகிய கம்பி ஃபெண்டர் கம்பியைவிடப் பல மடங்கு பருமன், ஐந்நூறு சுற்றுக்கே தோள்பட்டை கழன்றுவிடும். எட்டாயிரம் சுற்று, ஒரு நாளைக்குப் பல காயில், ஆண்டுக்கணக்கில் என்றால் அது பொறுமையால் ஆகிற காரியமல்ல. அது பயிற்சி. அறுந்துபோவதற்கு ஒரு கணம் முன்பே அறியும் விரல் பிறப்பிலேயே வருவதில்லை.

இதை முதலில் அழுத்தமாக வாதிட்டவர்கள் டயேன் எல்சனும் ரூத் பியர்சனும். 1981-இல் எழுதிய கட்டுரையில், ஏற்றுமதித் தொழிற்சாலைகள் பெண்களின் 'சுறுசுறுப்பான விரல்களை' இயற்கையின் கொடையாகப் பேசுவதன் பொருளாதாரத்தை உடைத்துக்காட்டினார்கள். தாயிடமும் வீட்டிலும் பல்லாண்டு தையலும் பின்னலும் பழகியதால் வந்த திறன் அது. ஆனால் அந்தப் பயிற்சிக்குச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாத திறனை இயற்கை என்று சொல்லிவிடலாம், இயற்கைக்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை. மின்னணுத் தொழில் முழுக்க இப்படித்தான் வளர்ந்தது. நிலவுக்குப் போன அப்போலோ கணினியின் நினைவகத்தைக் கம்பி கம்பியாகக் கோத்தது பெண்கள். அந்த முறைக்குப் பொறியாளர்கள் வைத்த செல்லப்பெயர் 'கிழவி முறை'. ஃபேர்சைல்ட் நிறுவனம் நவஹோ பழங்குடிப் பெண்களைச் சிப் தயாரிப்பில் அமர்த்தியபோது, அவர்களின் கம்பள நெசவையும் சிப்பின் வடிவத்தையும் ஒப்பிட்டு அழகான விளம்பர மலர் வெளியிட்டது.

ஆகவே 'அபியின் மாயவிரல்கள்' என்று கிட்டார் பத்திரிகைகள் எழுதும்போது எனக்குக் கொஞ்சம் எச்சரிக்கை வருகிறது. அபிகேல் இபார்ரா வெகுகாலம் ஃபெண்டரின் வரிசையில் ஒரு தொழிலாளி. 1960-களின் நடுவிலிருந்து பிக்கப்பின் அடித்தகட்டில் தேதியோடு முதலெழுத்துகளை எழுதும் வழக்கம் இருந்தது. 1965-இல் லியோ ஃபெண்டர் நிறுவனத்தை சி.பி.எஸ். என்ற ஒலிபரப்பு நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். தரம் சரிந்தது என்று ரசிகர்கள் புலம்பத் தொடங்கினார்கள், 'விண்டேஜ்' என்ற மோகமே அந்தப் புலம்பலில் பிறந்ததுதான். பழைய கிட்டார்களை வாங்கிப் பிரித்துப் பார்த்தவர்கள், இதன் ஒலி ஏன் வேறு என்று தேடிக்கொண்டு போய்க் காயிலில் முட்டி நின்றார்கள். அதைச் சுற்றியவர் இன்னும் அதே நிறுவனத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்! பிறகுதான் உயர்விலைக் கிட்டார்கள் செய்யும் கஸ்டம் ஷாப்பில் அவருக்கு ஓரிடம், அவர் கையொப்பமிட்ட பிக்கப்புகள், அவற்றுக்குக் காத்திருப்போர் பட்டியல். 2013-இல், ஐம்பத்தேழு ஆண்டு வேலைக்குப் பின், ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் அந்த நாற்காலியில் அவரிடம் பழகிய ஹோசஃபீனா கம்போஸ்.

அவர் பெயர் வெளியே வந்தது நல்ல விஷயம். ஆனால் எந்த வடிவில் வந்தது என்பதைப் பாருங்கள். லியோ ஃபெண்டர் செய்தால் கண்டுபிடிப்பு, டவாரெஸ் செய்தால் வடிவமைப்பு, அபிகேல் செய்தால் மாயம். அவர் கை தீர்மானித்த இறுக்கம் வரைபடத்தில் இல்லை. எந்தப் பொறியாளரும் எழுதிக்கொடுக்கவில்லை. வரைபடத்தில் இல்லாத, ஆனால் ஒலியைத் தீர்மானிக்கிற ஒரு முடிவை ஒவ்வொரு காயிலிலும் ஒருவர் எடுத்திருக்கிறார் என்றால் அதற்கு வடிவமைப்பு என்றுதான் பெயர்.

இதே கதையின் இன்னும் அப்பட்டமான வடிவம் மிச்சிகன் மாநிலத்தின் கலமசூவில் நடந்தது. இரண்டாம் உலகப் போரின்போது கிப்சன் தொழிற்சாலையின் ஆண்கள் போருக்குப் போய்விட, பெண்கள் வந்து கிட்டார் செய்தார்கள். நிறுவனமோ இசைக்கருவித் தயாரிப்பு நின்றுவிட்டது என்றது. செய்த சிலவும் போருக்குப் போக வயதாகிவிட்ட அனுபவசாலிகள் செய்தவை என்ற கதை நிலைத்தது. 1944-இல் தொழிற்சாலை வாசலில் எழுபதுக்கும் மேற்பட்ட பெண்கள் வரிசையாக நிற்கும் புகைப்படம் ஒன்று ஜான் தாமஸ் என்ற சட்டப் பேராசிரியரை உறுத்தியது. உயிரோடிருந்த பெண்களைத் தேடிப்போய்ப் பேசினார். ஏறத்தாழ 25,000 கருவிகள் செய்யப்பட்டிருந்தன. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது அவற்றின் உள்பாகங்கள் முன்னும் பின்னும் வந்தவற்றைவிட நுணுக்கமாக இழைக்கப்பட்டிருந்தன. அந்தக் கிட்டார்கள் தலையில் 'கிப்சன் மட்டுமே போதுமான அளவு நல்லது' என்ற பொருள்படும் வாசகத்தைத் தாங்கியவை. செய்தவர் பெயர் எங்குமில்லை. டேப் துண்டுகூட இல்லை.

பெண் பெயருக்குக் கிட்டார் உலகில் பஞ்சமில்லை என்பதுதான் வேடிக்கை. பி.பி. கிங்கின் கிட்டார்கள் அனைத்துக்கும் பெயர் லூசில். 1949-இல் ஆர்கன்சாவின் ட்விஸ்ட் என்ற ஊரில் அவர் வாசித்த நடனக்கூடத்தில் இரண்டு ஆண்கள் சண்டையிட்டு மண்ணெண்ணெய் அடுப்பைத் தள்ளிவிட, தீப்பிடித்தது. தன் முப்பது டாலர் கிட்டாரை எடுக்க எரியும் கூடத்துக்குள் ஓடினார் கிங். சண்டை லூசில் என்ற பெண்ணைப் பற்றி என்று பிறகு தெரிந்ததாம். இப்படிப்பட்ட முட்டாள்தனத்தை இனிச் செய்யக்கூடாது என்று தனக்கே நினைவூட்ட அந்தப் பெயரை வைத்தார். அந்த லூசில் என்ன ஆனார்? கதையில் அவர் சொல்ல ஒரு வார்த்தைகூட இல்லை. ஸ்டீவி ரே வானின் 'லெனி', மனைவியின் பெயர். ஜார்ஜ் ஹாரிசனின் சிவப்பு கிப்சன் 'லூசி'. பெயர் வைத்து, மடியில் வைத்துக் கொஞ்சி, பிறகு ஏலம் விடலாம்.

ஏலம் என்றதும் ஒன்று. 2019 ஜூனில் நியூயார்க்கில் கிறிஸ்டிஸ் நிறுவனம் பிங்க் ஃபிளாய்ட் கிட்டாரிஸ்ட் டேவிட் கில்மரின் கிட்டார்களை விற்றது. பருவநிலை காக்கும் சட்ட அமைப்பு ஒன்றுக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டார், அது போற்றத்தக்கது. அதில் 0001 என்ற வரிசை எண் பொறித்த 1954-ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒன்று. வெள்ளை நிறம், தங்கமுலாம். கழுத்தில் டி.ஜி. மேரி கே ஸ்ட்ராட்டின் மூத்த சகோதரி மாதிரி இருக்கும். போன விலை 18 லட்சத்து 15 ஆயிரம் டாலர். 1954-இல் புது ஸ்ட்ராட்டோகாஸ்டரின் விலை 249 டாலர் 50 சென்ட்.

மேரி கேக்கு ஃபெண்டர் கஸ்டம் ஷாப் 2000-களில் மரியாதை செய்தது. அவர் பெயரில், பழைய படத்தில் உள்ளபடியே, நினைவுப் பதிப்புக் கிட்டார்கள் வெளிவந்தன. அவருக்கு அப்போது எண்பது வயது. 2007 பிப்ரவரியில் லாஸ் வேகஸில் இறந்தார். 2018-இல் அதே ஃபெண்டர் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் புதிதாகக் கிட்டார் வாங்குபவர்களில் பாதிப்பேர் பெண்கள் என்று இருந்தது. செய்தித்தாள்கள் அதை ஆச்சரியமாகப் போட்டன.

இன்று 1950-களின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒன்று விற்பனைக்கு வந்தால் விற்பவர் அதன் எட்டுத் திருகுகளையும் கழற்றித் தகட்டைத் தூக்கி உள்ளே படமெடுத்துப் போடுகிறார். வாங்குபவர் முதலில் தேடுவது டேப். தேதி கழுத்துத் தேதியோடு பொருந்துகிறதா, 'மேரி' என்ற கையெழுத்து மற்றக் கிட்டார்களில் உள்ள மேரியோடு ஒத்துப்போகிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள். பசை காய்ந்து ஓரம் சுருண்டிருந்தாலும் யாரும் அதைத் தொடுவதில்லை. டேப் பிய்ந்துபோனால் விலை இறங்கிவிடும்.